உறவுக்கு எழுதும் முதல் கடிதம்

தூத்துக்குடிக்காரர்கள் இருவர் வெளியூரில் சந்தித்துக்கொண்டால் முதல் பத்து நிமிடம் உறவு விசாரிப்பில் போகும். எந்தத் தெரு, வீட்டுக்குப் பட்டப்பெயர் என்ன, உங்கள் அம்மா யாருடைய மகள் என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், எங்கேயோ ஒரு கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் தொட்டுக்கொண்டிருக்கும். அதன்பின் பேச்சில் 'சார்' போய் 'மச்சான்' வந்துவிடும். இந்த விசாரிப்பு இப்போது இணையத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஓய்வுபெற்றவர்களும், வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோரும், ஊரையே பார்த்திராத பேரப்பிள்ளைகளும் வம்சாவளி தேடுகிறார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், கப்பல் சீட்டுகள், கல்லறை வாசகங்கள் எல்லாவற்றையும் எப்படித் தேடுவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தேடி முடித்து, உறவாக இருக்கக்கூடும் என்று தோன்றும் ஒருவரின் முகவரி கைக்கு வந்தபின், அவருக்கு முதல் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை.

முத்துக்குளித்துறைக் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்த முதல் கடிதமே தேடலில் ஆகக் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன். அதை நாம் மிக அலட்சியமாகச் செய்கிறோம் என்றும் கருதுகிறேன். இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது, நானே அப்படி ஒரு கடிதம் எழுதிக் கெடுத்தவன் என்பதால்தான்.

என் தாத்தாவின் அண்ணன் 1930-களின் தொடக்கத்தில் தோணியேறிக் கொழும்புக்குப் போனவர். செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிடுவார் என்பார்கள். 1949-க்குப் பிறகு அவர் வரவில்லை. 1952-இல் எழுதிய கடிதமே கடைசி. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார், கையில் காசு சேர்ந்தது, ஊரையும் தம்பியையும் மறந்துவிட்டார். என் தாத்தா இறக்கும்வரை இந்த மனத்தாங்கலை விடவில்லை. அண்ணனைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

2009-இல் நான் தேடத் தொடங்கினேன். தேடல் எளிதில் முடிந்தது என்பதே இன்று யோசிக்கையில் வியப்பாக இருக்கிறது. அதற்குக் காரணம் நம் கோயில் புத்தகங்களின் ஒரு வழக்கம். தேடுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கமும்கூட. ஒருவர் எங்கே திருமணம் செய்துகொண்டாலும், அந்தப் பங்குச்சாமியார் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும்; அங்கே ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் திருமணக் குறிப்பு எழுதப்பட வேண்டும். 1908-இல் நடைமுறைக்கு வந்த பாப்பரசரின் ஆணையால் இது கட்டாயமாயிற்று. 1917-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் 1983-இன் சட்டத்தொகுப்பும் அதைத் தொடர்ந்தன. எனவே ஊரை விட்டுப் போனவரைத் தேட, அவர் போன ஊருக்குப் போக வேண்டியதில்லை. அவர் பிறந்த ஊரின் ஏட்டோரத்தைப் பார்த்தால் போதும். என் தாத்தாவின் அண்ணனுடைய பதிவின் ஓரத்தில், கொழும்புக்கு வடக்கே ஒரு கடற்கரைப் பங்கின் பெயரும் 1937 என்ற ஆண்டும் மங்கிய மையில் இருந்தன.

அந்த ஊரில் அதே குடும்பப்பெயருள்ள ஒரு முதிய பெண்மணியின் முகவரி கிடைத்தது. வயதும் பொருந்தியது. அவர் என் தாத்தாவின் அண்ணன் மகளானால், என் அப்பாவுக்குத் தங்கை, எனக்கு அத்தை. நான் 'அன்புள்ள அத்தை' என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். ஐந்து தலைமுறைக் குடும்ப மரத்தை வரைந்து வைத்தேன். ஞானஸ்நானப் பதிவின் நகலை இணைத்து, அதில் 'தூத்துக்குடி' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். இரண்டு மாதம் பதில் இல்லை. பொறுக்கமாட்டாமல் அவருடைய மகனின் அலுவலக மின்னஞ்சலைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. தன் தாயின் தந்தை அந்தத் தீவிலேயே பிறந்தவர், இனி எழுத வேண்டாம் என்று அதில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. தாத்தா சொன்னது சரிதான், மறந்துதான் போனார்கள் என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் செய்த தவறு என்ன என்று புரிய மேலும் சில ஆண்டுகள் ஆயின.

*

முதலில், நம் தேடலின் ஆதாரங்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்று பார்ப்போம். குடும்பப்பெயர் ஒன்றாக இருந்தால் உறவு என்று நம்புவதே இக்கரையில் எல்லோரும் செய்யும் முதல் பிழை.

1530-களின் நடுவில் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரினார்கள். 1536-37 காலத்தில் கரை நெடுகப் பெருந்திரளாக ஞானஸ்நானம் நடந்தது. 20,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது அதற்குப் பின், 1542-இல். அப்படிப் புதிதாகப் பெயரிடப்பட்டவர்களுக்கு ஒரு சிறு பட்டியலிலிருந்தே பெயர்கள் வந்தன: பர்னாந்து, மோத்தா, மச்சாது, கொரேரா, வாஸ், மிராண்டா, கோமஸ். ஞானத்தகப்பனாக நின்றவரின் பெயரோ, அப்போது செல்வாக்கோடிருந்த அதிகாரியின் பெயரோ நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வந்து சேர்ந்திருக்கலாம். அவர்களுக்கிடையே இரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே காலத்தில் இலங்கையின் மேற்குக் கரையிலும் இதே பெயர்கள் வழங்கப்பட்டன. இன்று இலங்கையில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் ஒன்று பர்னாந்து. சிங்களக் கத்தோலிக்கரிடமும் பௌத்தரிடமும் உண்டு. மொரட்டுவையில் ஒரு பர்னாந்துவைக் கண்டதும் மணப்பாட்டுப் பர்னாந்துவுக்குச் சொந்தம் என்று எண்ணுவது, கும்பகோணத்து ராமசாமியும் கோயம்புத்தூர் ராமசாமியும் பங்காளிகள் என்பது போன்றது. நம் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் அவர்கள் குடும்பப்பெயரைக் கேட்பதோடு நிற்காமல் பட்டப்பெயரைக் கேட்டார்கள்.

ஏடுகள் பெயர்களைவிட நம்பகமானவை. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவேட்டையும், ஞானப்பெற்றோர் பெயரைக் குறித்துவைப்பதையும் பங்குகளுக்குக் கடமையாக்கியது. நம்மிடையே மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இருந்ததால், ஏடுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்யத் திருச்சபையின் விலக்குப் பெற வேண்டும். 1917-இன் சட்டம் மூன்றாம் தலைமுறை வரை அதை வேண்டியது. விலக்குப் பெற்ற இடத்தில் மணமக்களுக்கு என்ன உறவு என்பது எழுத்தில் வந்துவிடுகிறது. வாய்மொழியில் ஒருவர் மறைத்த உறவும் அங்கே பதிந்திருக்கும். ஆயினும் எல்லா ஏடும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் பராமரித்த பள்ளித் தோம்புகளில் கத்தோலிக்கரின் பெயர்களும் உண்டு. திருமணம் சட்டப்படி செல்ல வேண்டுமானால் அவர்களது சபையில் பதிய வேண்டியிருந்தது. அங்கே பெயர் இருப்பதால் ஒருவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர் என்று முடிவுகட்டக் கூடாது. ஓர் ஏட்டைப் படிக்குமுன், அது எதற்காக எழுதப்பட்டது, அதில் பெயர் ஏறுவதால் யாருக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கத் தவறினேன்.

இப்போது எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்வதும் வழக்கமாகிவிட்டது. முத்துக்குளித்துறைக்காரர்கள் இதில் சற்று நிதானமாக இருக்க வேண்டும். தாத்தாவின் தாத்தா ஒருவராக உள்ள இருவரிடையே பொதுவான மரபணுப் பகுதி சராசரியாக 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்த அளவை வைத்தே சோதனை நிறுவனங்கள் உறவை மதிப்பிடுகின்றன. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு சில ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த சமூகத்தில், இருவர் ஒரே நேரத்தில் ஏழெட்டு வழிகளில் உறவாக இருப்பார்கள். அவை எல்லாம் கூடி, மிகத் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தோன்றும். அஷ்கெனாசி யூதரிடையே இந்தச் சிக்கல் நன்கு அறியப்பட்டது. நம் கரையிலும் இதுவேதான் நிலைமை. மேலும், சோதனைக்குக் கொடுக்கும் எச்சில் நம்முடையது. அதில் அடங்கியிருப்பது நம் பங்காளிகளின் இரகசியமும்தான். அமெரிக்காவின் பெரிய சோதனை நிறுவனம் ஒன்றிலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. அவர்களுடைய உறவினர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை.

*

இனி, நான் தவறவிட்ட கேள்விக்கு வருகிறேன். இதற்கு இலங்கைக் குடியுரிமையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் ஓர் இரவுப் பயணம். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் தடம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தூத்துக்குடியில்தான் முடிந்தது; அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி போட்டியிட்டதும் இந்தத் தடத்துக்காகவே. பயணிகள் கப்பல் இடம் மாறிய பின்னும் உப்பும் ஓடும் கருவாடும் ஏற்றிய தோணிகள் போய்வந்துகொண்டிருந்தன. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களும் நம்மவருக்கு இன்னொரு ஊர். ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009) நாவலைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் பழக்கமானது. அக்காலத்தில் ஒருவர் எந்தக் கரையில் பிறந்தார் என்பது அவருடைய தாய்க்குப் பேறுகாலத்தில் எந்தக் கரையில் வசதியாக இருந்தது என்பதைப் பொறுத்தது. அதற்குமேல் அதில் பொருள் ஏதும் இல்லை.

1948 நவம்பர் 15 அன்று இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதற்குப் பொருள் வந்துவிட்டது. அதற்குமுன் தீவில் பிறந்திருந்தாலும், வம்சாவளிக் குடிமகனாக ஏற்கப்பட, தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். நாடு ஒன்று தன் குடிமக்களிடம் குடும்ப மரத்தைக் கேட்டது. அதில் ஒரு கிளை கடலுக்கு இப்பால் இருந்தால் அவர்களை வெளியே நிறுத்தியது. மலையகத் தோட்டத் தொழிலாளரையே இச்சட்டம் பெரிதும் தாக்கியது என்பதை அறிவோம். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இருந்த தூத்துக்குடிக் குடும்பங்களும் அதே வலையில் விழுந்தன என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

1949-இல் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் பதிவு செய்துகொள்ள ஒரு வழி திறந்தது. அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து தீவில் வசித்திருக்க வேண்டும். மனைவியும் சிறு பிள்ளைகளும் அவ்வாறே வசித்திருக்க வேண்டும். போதிய வருமானத்தைக் காட்ட வேண்டும். விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினருக்கே குடியுரிமை கிடைத்தது. மீதிப்பேரின் விதியை 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் எண்களாக்கிப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்து ஒப்பந்தம் பாதிப்பாதியாகப் பிரித்தது. நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு வழி செய்த சட்டம் 2003-இல்தான் வந்தது.

அந்த ஆண்டுகளில் கொழும்பில் வாழ்ந்த ஒரு தூத்துக்குடிக்காரரை நினைத்துப் பாருங்கள். திருவிழாவுக்கு ஊருக்குப் போவது, தம்பிக்குப் பணம் அனுப்புவது, அலமாரியில் இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதங்களை வைத்திருப்பது ஆகிய எல்லாமே, 'நீ இந்த நாட்டவன் அல்ல' என்று சொல்லக் காத்திருப்பவர் கையில் சாட்சியாகக்கூடும். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1983 ஜூலை வந்தது. நீர்கொழும்பு முதல் புத்தளம் வரையிலான கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இரண்டு மூன்று தலைமுறைகளில் சிங்களத்துக்கு மாறின. பள்ளி, கோயில், திருமணம் எல்லாம் அதற்குத் துணை செய்தன. இலங்கையில் பிறப்புச் சான்றிதழிலேயே பெற்றோரின் இனம் பதியப்பட்டுவந்தது. பரதர் என்று தனியாகத் தம்மைப் பதிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் அவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பது எளிது. போக வேண்டியிருந்த இடத்துக்குப் போனார்கள்.

என் தாத்தாவின் அண்ணன் 1949-க்குப் பின் ஊருக்கு வராததை இந்தச் சட்டத்தோடு சேர்த்து வாசித்தபோது, எங்கள் குடும்பத்தின் அறுபதாண்டு மனத்தாங்கல் என் கையில் உதிர்ந்தது. அவர் பயந்து நின்றுபோனார் என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. மறந்துபோனார் என்பதற்கும் ஆதாரம் இருந்ததில்லை. எழுத்தில் இருப்பது அந்த ஆண்டு மட்டுமே.

'என் தாயின் தந்தை இந்தத் தீவிலேயே பிறந்தவர்' என்று அந்த மகன் எழுதிய வாக்கியம், சட்டம் வேண்டிய வாக்கியம். அந்த வீட்டில் அது பல முறை, பல அலுவலர் முன்னால் சொல்லப்பட்டிருக்கலாம். ஒருவேளை அவருக்கு அது உண்மையாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம். நானோ அதற்கு நேர் எதிரான ஆவணத்தை எடுத்து, அவர்கள் அஞ்சிய அந்த ஊர்ப்பெயரையே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, அந்த மூதாட்டிக்கும், பின்பு அவர் மகனின் அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்தேன். சட்டம் மாறிவிட்டது, ஆபத்தும் அநேகமாக இல்லை. எனினும், அறுபது ஆண்டுகள் ஒரு வீட்டைக் காத்து நின்ற மௌனத்தை, அஞ்சல்தலை ஒட்டி உடைக்க எனக்கு என்ன உரிமை?

*

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. தன் வேரை அறிவது ஒவ்வொருவரின் உரிமை அல்லவா என்பது முதல் வாதம். பெற்றோரைப் பொறுத்தவரை நானும் அப்படியே சொல்வேன். 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, இயன்ற அளவு தன் பெற்றோரை அறியும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. தத்துக் கொடுக்கப்பட்டவர் தாயைத் தேடுவதும், நான் தாத்தாவின் அண்ணன் மகளைத் தேடுவதும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. முன்னதில் தேடுபவருக்குத் தேவை இருக்கிறது. பின்னதில் இருப்பது ஆசை. ஆசை தவறல்ல, ஆனால் ஆசைக்கு மறுப்பைக் கேட்டுக்கொள்ளும் கடமை உண்டு.

இரண்டாவது வாதம் வலுவானது. இப்படித் தயங்கிக்கொண்டே இருந்தால், அறிந்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். முத்துக்குளிப்பு நம் கரையில் கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 1961-இல். அதைக் கண்ணால் கண்டவர்களே அருகிவிட்டார்கள். தோணியில் கொழும்புக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. அவர்களோடு இரு கரையையும் இணைத்த நினைவு போய்விடும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றே எழுதுங்கள், ஆனால் நான் எழுதியதுபோல் எழுதாதீர்கள்.

உறவுமுறையை முதல் வரியில் சூட்டிவிடாதீர்கள் என்பதே நான் முதலில் கற்றது. நம் மொழியில் தூரத்து உறவுக்கென்று தனிப் பெயர் கிடையாது. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று சேர்த்தாலும் இறுதியில் அத்தை அத்தைதான், மச்சான் மச்சான்தான். அத்தை என்று அழைத்த உடனே சீரும் செய்முறையும், பெண் கொடுப்பதும் எடுப்பதும், துட்டிக்குப் போவதும் வருவதும் எல்லாம் அந்தச் சொல்லோடு கூடவே வீட்டுக்குள் நுழைகின்றன. அதனால் அது விளியாக மட்டும் நிற்பதில்லை, உரிமைகோரலும் ஆகிவிடுகிறது. அதை வழங்க வேண்டியவர் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர். 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று நான் தொடங்கியிருந்தால், அத்தையாவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இடத்தை அவருக்கு விட்டிருப்பேன்.

அடுத்தது, நாம் யார், எதற்காக எழுதுகிறோம், எது வேண்டாம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது. இதைப் புரிந்துகொள்ள நம் பக்கத்தையே பார்க்கலாம். கனடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அறியாத ஒருவர், 'நான் உங்கள் பெரியப்பா வழிப் பேரன்' என்று தூத்துக்குடியின் ஒரு பழைய வீட்டுக்குக் கடிதம் எழுதினால், அங்கே முதலில் தேடப்படுவது வீட்டுப் பத்திரமாகத்தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழில் விடுபட்ட பெயரோ, பிரிக்காத பங்கோ இல்லாத வீடு ஊரில் குறைவு. சொத்தோ பணமோ விசாவுக்கான உதவியோ எதுவும் கேட்கவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நாகரிகக் குறைவாகாது. அது படிப்பவரின் நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கும்.

கேட்பதற்குமுன் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒரு பழைய புகைப்படத்தின் நகல், தாத்தா எழுதிய ஒரு கடிதத்தின் பிரதி, ஒரு கல்லறையின் படம் என்று அவர்களுக்கு மதிப்புள்ள ஏதாவது ஒன்று. ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. அதற்கு இரண்டு காரணங்கள். ஆவணம் எதை அம்பலப்படுத்தும் என்பது நமக்குத் தெரியாது என்பது ஒன்று. விடையை நாமே சொல்லிவிட்டால், அன்பின் காரணமாகவே எதிரில் இருப்பவர் அதை ஆமோதித்துவிடுவார் என்பது மற்றொன்று. அலெக்ஸ் ஹேலி 1976-இல் 'வேர்கள்' நூலை வெளியிட்டபோது, காம்பியாவின் ஜுஃப்ரே கிராமத்தில் ஒரு முதியவர் வாயிலாகத் தன் மூதாதையின் பெயரைக் கேட்டதை உச்சமாக எழுதினார். பின்னர் வந்த வரலாற்றாய்வாளர்கள், ஹேலி கேட்க விரும்பியது எது என்பது அவர் போவதற்கு முன்பே அங்கே தெரிந்திருந்தது என்று சுட்டினார்கள். நம் ஊர்ப் பெரியவர்களும் விருந்தாளியை ஏமாற்றி அனுப்ப விரும்பமாட்டார்கள். ஆகவே வீட்டுப் பட்டப்பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். அது ஒன்று பொருந்தினால், பத்து ஆவணங்களுக்குச் சமம்.

நான்காவது, கடிதத்தை உரியவருக்கு மட்டும் அனுப்புவது. தாயிடமிருந்து பதில் வராவிட்டால் மகனிடம் போவது, மகனும் மறுத்தால் மருமகளைத் தேடுவது என்பதெல்லாம் தேடலில் சேராது, முற்றுகை என்றே அதற்குப் பெயர். எந்த மொழியில் எழுதுவது என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழ் தெரியாத பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலையில் ஒரு மூதாட்டியை வைத்துவிட்டால், அவர் காத்துவந்ததை நாமே போட்டுடைத்தவர்களாவோம். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு பக்கச் சுருக்கம், உறையிட்ட கடிதம், அனுப்புநர் பெயர் மட்டும் என்பதே பாதுகாப்பு.

கடைசியாக, பதில் எழுதாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, நான் தவறாக நினைக்கமாட்டேன் என்று ஒரு வரி. பிறகு அந்த வரிக்கு உண்மையாக இருப்பது. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

முத்துக்குளிக்க இறங்குபவருக்கு மேலே தோணியில் நின்று கயிறு பிடிப்பவர் அவருடைய மச்சானாக இருக்க வேண்டும் என்று நம் கரையில் சொல்வார்கள். கயிற்றை விட்டுவிட்டால் தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பாள் என்ற நினைவு அவனுக்கு இருக்கும் என்பது காரணம். கீழே இருப்பவர் அசைக்கும்போது இழுக்க வேண்டும். நமக்கு அவசரம் என்று அதற்குமுன் இழுத்தால் அவர் கையில் சிப்பி இருக்காது. அசைத்த பின் தாமதித்தால் ஆளே இருக்கமாட்டார். உறவுக்குக் கடிதம் எழுதுபவரின் வேலையும் கயிறு பிடிப்பவரின் வேலைதான் என்று எனக்குப் படுகிறது. கயிற்றை இறக்கிவிட்டுக் கையில் வைத்திருக்கலாம். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

2016-இல் இலங்கைத் தபால்தலையோடு ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. இறந்தவர் நினைவாக அச்சிடும் செப அட்டை ஒன்று மட்டும் இருந்தது. ஒரு மூதாட்டியின் படம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அது ஒப்புதலா, அல்லது இனி எழுத யாரும் இல்லை என்ற அறிவிப்பா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் விசாரிக்கவில்லை. பனிமய மாதா கோயிலில் அந்தப் பெயருக்கு ஒரு பூசை எழுதிக் கொடுத்தேன். எழுதுபவர் உறவுமுறை கேட்டார். சற்று யோசித்துவிட்டு, தெரிந்தவர் என்றேன்.